மருந்து கலந்த கழிவுநீரும் செடிப்படுகையும்: எங்கே நடுவது, எப்போது அறுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கிங்காம் கால்வாயையும் கேப்டன் காட்டன் கால்வாயையும் ஆகாயத்தாமரை மூடிக்கிடப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கட்சிகள் கிளம்புகின்றன. மழைக்கு முன்னால் பொக்லைன் வைத்து வாரிக் கரையில் போடு என்கிறது ஒன்று. அது இயற்கை தந்த வடிகட்டி, சாக்கடையில் கரைந்து வரும் மருந்தைக்கூட உறிஞ்சிக்கொள்ளும், தொடாதீர்கள் என்கிறது மற்றது. இரண்டாவது கட்சி சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் திட்டம் போட்டால், கால்வாயில் கிடக்கும் மருந்து மாட்டின் வயிற்றுக்கும் கீரைக்கட்டுக்கும் இடம் மாறும், அவ்வளவுதான். தாவர உடலியலும் கழிவுநீர்ப் பொறியியலும் எங்கள் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் அளவைப் பார்ப்போம். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் உடலில் உருமாறுவதே இல்லை. குடல் உறிஞ்சியது சிறுநீரிலும் உறிஞ்சாதது மலத்திலும் அப்படியே வெளியேறுகிறது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, 5 லட்சம் லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் வீதம் பரவப் போதும். 10,000 லிட்டர் தண்ணி லாரி என்றால் 50 லாரி. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை எத்தனை வீட்டில் காலையும் இரவும் இந்த மாத்திரை போடுகிறார்கள் என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வழக்கமான சுத்திகரிப்பு நிலையம் இவற்றையெல்லாம் ஒரே மாதிரி நடத்துவதில்லை. காற்றூட்டித் தொட்டியில் வளரும் பாக்டீரியா பாராசிட்டமாலைக் கிட்டத்தட்ட முழுதாகத் தின்றுவிடும். வலி மருந்தான இபுப்ரோஃபெனும் பெரும்பாலும் போய்விடும். இன்னொரு வலி மருந்தான டைக்ளோஃபெனாக் பாதி தப்பும், சில நாள் பாதிக்கும் மேல். வலிப்பு நோய்க்கான கார்பமசெபின் வந்தபடியே வெளியேறும். சில சமயம் உள்ளே வந்ததைவிட வெளியே போவது கூடுதலாக இருக்கும். ஆய்வகத்தின் தவறு அல்ல அது. நம் கல்லீரல் ஒரு சர்க்கரை அமிலத்தைக் கட்டி அனுப்பிய மருந்தை, தொட்டியிலுள்ள பாக்டீரியா கட்டவிழ்த்துப் பழைய மருந்தாக்கிவிடுகிறது. இந்தக் கட்டவிழ்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், செடியிலும் இதே தொல்லை உண்டு. கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்திகரித்து மணலி ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் இருக்கிறதே என்று கேட்கலாம். ஆர்.ஓ. சவ்வு மருந்தை அழிப்பதில்லை. ஒதுக்கிவிடும் நீரில் செறிவாகச் சேர்த்து வைக்கிறது. அந்த நீருக்கும் வழி தேட வேண்டும்.

இனி செடி. மருந்து என்று தெரிந்து செடி எதையும் உறிஞ்சுவதில்லை. தண்ணீரோடு வரும் மூலக்கூறு வேர்த்தோலைக் கடந்து, செல்களின் இடுக்கு வழியாகவே உள்தோல் வரை வந்துவிடும். அங்கே காஸ்பேரியன் பட்டை இடுக்கை அடைத்திருக்கிறது. அதற்குமேல் போக ஏதாவது ஒரு செல்லின் சவ்வைக் கடந்தே தீர வேண்டும். மின்னூட்டம் இல்லாத, கொழுப்பிலும் நீரிலும் நடுத்தரமாகக் கரையும் மூலக்கூறுக்கு இது சுலபம். கார்பமசெபின் அந்த வகை. சைலம் என்னும் நீர்க்குழாய்க்குள் நுழைந்து, நீராவிப்போக்கு இழுக்கும் இழுப்பில் இலைக்கு ஏறி, தண்ணீர் ஆவியான இடத்தில் தங்கிவிடும். அதனால்தான் முற்றிய இலையில் அதிகமாகவும் காயிலும் கனியிலும் குறைவாகவும் இருக்கிறது. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் இரண்டும் அமிலங்கள். சாக்கடை நீரில் எதிர்மின்னூட்டத்தோடு இருப்பதால், உட்புறம் எதிர்மின்னூட்டம் கொண்ட செல் சவ்வு அவற்றைத் தள்ளுகிறது. பெரும்பகுதி வேரோடு நின்றுவிடும். மெட்ஃபார்மின் நேர்மின்னூட்டம் உடையது. செடி தன் சொந்தத் தேவைக்கு வைத்திருக்கும் கடத்திப் புரதங்களின் வழியே வேருக்குள் நுழையும், ஆனால் இலைவரை போவது கொஞ்சமே.

உள்ளே வந்த பிறகு நடப்பதை 1990-களில் ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிஷ் சாண்டர்மான் ‘பசுமைக் கல்லீரல்’ என்ற பெயரில் விளக்கினார். பொருத்தமான பெயர். முதல் படியில் சைட்டோகுரோம் பி-450, பெராக்சிடேஸ் போன்ற நொதிகள் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜனைச் செருகி, பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி செய்கின்றன. டைக்ளோஃபெனாக்கை நம் கல்லீரல் ஹைட்ராக்சி டைக்ளோஃபெனாக் ஆக்குகிறது. கடுகுக் குடும்பத்துக் குதிரைமுள்ளங்கியின் வேரும் பார்லியும் அதே பொருளைத்தான் சில மணி நேரத்தில் செய்கின்றன. இரண்டாம் படியில் அந்தக் கைப்பிடியில் குளுக்கோஸ் கட்டப்படுகிறது, அல்லது செல்லைக் காக்கும் சிறு மூலக்கூறான குளூட்டாதயோன் கட்டப்படுகிறது. மூலக்கூறு நீரில் நன்றாகக் கரையும், வீரியம் குறையும், சவ்வைத் திரும்பக் கடக்க முடியாது. மூன்றாம் படியில், ஆற்றலைச் செலவழித்து இயங்கும் ஏ.பி.சி. கடத்திகள் அதைச் செல்லின் நடுவேயுள்ள வாக்குவோல் என்னும் நீர்ப்பைக்குள் தள்ளுகின்றன. சில பொருட்கள் செல்சுவரை இறுக்கும் லிக்னினோடு ஒட்டவைக்கப்படுகின்றன.

பாராசிட்டமாலை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். மியூனிக் நகரத்து ஆய்வாளர்கள் 2009-இல் குதிரைமுள்ளங்கி வேர்வளர்ப்பில் இரண்டு வழிகளைக் கண்டார்கள். பாராசிட்டமாலில் ஏற்கெனவே ஒரு ஹைட்ராக்சில் கைப்பிடி இருப்பதால், முதல் படியே தேவையில்லாமல் நேரடியாகக் குளுக்கோஸ் கட்டப்படுவது ஒன்று. இன்னொன்று, ஆக்சிஜனேற்றத்தால் அது வினைவேகம் மிகுந்த குயினோன் இமைனாக மாறி, உடனே குளூட்டாதயோன் அதைப் பிடித்துக்கொள்வது. அளவுக்கு மீறி பாராசிட்டமால் விழுங்கியவரின் கல்லீரலைச் சிதைப்பதும் இதே குயினோன் இமைன்தான். அங்கே குளூட்டாதயோன் தீர்ந்துபோனதும் கேடு தொடங்குகிறது, செடியிலும் அப்படியே. ஆகவே ஒரு செடி எவ்வளவு மருந்தைத் தாங்கும் என்பது அதன் குளூட்டாதயோன் இருப்பைப் பெரிதும் பொறுத்தது. வெயில், உப்பு, கன உலோகம் எல்லாமே அந்த இருப்பில்தான் கைவைக்கின்றன. மருந்துக்கென்று தனியாக ஒதுக்கிய பங்கு எதுவும் இல்லை.

ஒரு பெரிய வேறுபாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். நமக்குக் கல்லீரலோடு சிறுநீரகமும் உண்டு. செடிக்கு அது கிடையாது. உடைந்த சாமானைப் பரணில் ஏற்றிவைப்பதுபோல் நீர்ப்பையில் ஏற்றிவைக்கத்தான் அதற்குத் தெரியும். செடி அழுகும்போது நீர்ப்பை கிழிகிறது. மண்ணிலும் நீரிலும் உள்ள பாக்டீரியா குளுக்கோஸைக் கடித்துத் தின்றுவிட்டு மருந்தை விடுவிக்கிறது. அந்த இலையை மாடு தின்றாலும் நாம் தின்றாலும் குடலிலுள்ள பாக்டீரியா செய்யக்கூடியதும் இதே வேலைதான். கார்பமசெபின் இந்தக் கட்டெல்லாம் பெரிதாக இல்லாமல் பாதிக்கு மேல் தன் உருவிலேயே இலையில் உட்கார்ந்திருப்பது வழக்கம். சுத்திகரித்த கழிவுநீரில் விளைந்த காய்கறிகளைச் சாப்பிட்ட ஆரோக்கியமானவர்களின் சிறுநீரில் கார்பமசெபின் அளவு உயர்ந்ததை இஸ்ரேலில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. கழிவுநீர் வாய்க்கால் ஓரத்துப் பாத்தியில் கீரை போடக் கூடாது என்பதற்கு வழக்கமாகக் கிருமியையும் ஈயத்தையும் காரணம் சொல்வார்கள். இதையும் சேர்த்துக்கொள்ளலாம். கீரையில் நாம் தின்பதே இலையைத்தான்.

செடிக்கும் இது சும்மா வருவதில்லை. ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகம் பாக்டீரியாவின் வழிவந்தது. ஆகவே பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதையும் தாக்கும். டெட்ராசைக்ளின் பசுங்கணிகத்தில் புரதம் செய்யும் ரைபோசோமை முடக்குகிறது, சிப்ரோஃபிளாக்சசின் அதன் டி.என்.ஏ.வைக் கையாளும் கைரேஸ் நொதியை. சல்ஃபாமெத்தாக்சசோல் ஃபோலேட் உற்பத்தியை நிறுத்துகிறது. கொழுப்பைக் குறைக்கும் அடார்வாஸ்டாடின் நம் உடலில் எந்த நொதியைத் தடுக்கிறதோ அதே நொதி செடியிலும் இருக்கிறது. இளந்தளிர் வெளுத்து வந்தால் இரும்புச்சத்துக் குறை என்று உரம் போடுவதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டும். நீர்மேல் மிதக்கும் சிற்றிலைச் செடியான லெம்னாவைக் கொண்டு 7 நாள் சோதனை செய்தால் விடை தெரியும். இலைத் துண்டுகளை எண்ணினால் போதும், உலகத் தரநிலை வகுத்த சோதனைதான். ஆனால் வீட்டுக் கழிவுநீரில் மருந்து மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கிறது. ஹைதராபாத் அருகே படான்செருவில் மருந்து ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் சிப்ரோஃபிளாக்சசின் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததை 2007-இல் வெளியான ஆய்வு சொன்னது. அந்த மாதிரி நீரைச் செடியிடம் விடுவது செடிக்குச் செய்யும் கொடுமை. ஆலைக்கழிவை ஆலைக்குள்ளேயே தீர்க்க வேண்டும்.

இப்போது ஆகாயத்தாமரைக்கு வருவோம். அதன் வேர் மருந்தைப் பிடிக்கும் என்பதில் சந்தேகமில்லை. கால்வாயை அது மூடிக்கொண்டால் மூன்று கேடுகள். டைக்ளோஃபெனாக்கைச் சிதைப்பதில் சூரிய ஒளியைப்போல் செலவில்லாத வேலையாள் கிடையாது. ஆழமில்லாத தெளிந்த நீரில் நல்ல வெயிலில் சில மணி நேரத்தில் பெரும்பகுதி சிதையும். சிப்ரோஃபிளாக்சசினும் ஒளிக்குத் தாங்காது. சென்னை வெயிலை வைத்துக்கொண்டு அதன்மேல் பச்சைப் பாய் விரிப்பது நமக்கு நாமே செய்துகொள்ளும் நஷ்டம். அடுத்தது, பாய்க்கு அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. இபுப்ரோஃபென் போன்றவற்றைத் தின்னும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். மூன்றாவது, அறுவடை இல்லை. பழைய இலை அழுகி அடியில் படிகிறது, பரணில் ஏறியது மறுபடி தரைக்கு வருகிறது. வாரிக் கரையில் குவித்தாலும் முதல் மழையில் அதன் சாறு கால்வாய்க்கே திரும்பும். புதிதாக அள்ளியதில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் என்பதால், லாரியில் ஏற்றுமுன் தார்ப்பாய் விரித்த தரையில் காயவைத்து, வடியும் நீரைச் சாக்கடைக் குழாயில் விடுவதே முறை.

செடியை வைத்து உருப்படியாகச் செய்யக்கூடியது, மருந்து கால்வாய்க்கு வருமுன் மறிப்பது. அதற்கு ஜல்லி நிரப்பிச் செடி நட்ட படுகைக்குள் கழிவுநீரை ஓடவிட வேண்டும். 30 படுக்கை உள்ள ஒரு நர்சிங் ஹோமை எடுத்துக்கொள்வோம். 100 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனைக்கு இந்தியத் தரநிலை ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 340 லிட்டர் நீர் கணக்கு வைக்கிறது. மொத்தம் 10,200 லிட்டர். எல்லாம் கழிவாக வராது என்றாலும் 10,000 லிட்டருக்கே படுகையை வடிவமைப்போம். செப்டிக் டேங்கில் படிய வைத்த நீர் ஜல்லிப் படுகைக்குள் 4 நாள் தங்க வேண்டுமானால் 40 கன மீட்டர் வெற்றிடம் தேவை. ஜல்லியில் இடைவெளி 40 விழுக்காடு என்று கொண்டால் 100 கன மீட்டர் ஜல்லி, அதாவது சுமார் 35 யூனிட். ஆழம் 60 செ.மீ. வைத்தால் பரப்பு 167 சதுர மீட்டர், முக்கால் கிரவுண்டு. அகலம் 10 மீட்டர், நீளம் 17 மீட்டர். இடம் ஒடுக்கமாக இருக்கிறது என்று அகலத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டுவது பெரும்பாலான படுகைகள் செத்துப்போகக் காரணம். அகலம் குறைந்தால் நுழைவு முகப்பில் கழிவுச்சுமை ஏறி, ஜல்லி அடைத்து, நீர் மேலே வழிந்து ஓடும். மேலே ஓடும் நீர் வேரைத் தொடவே தொடாது.

நுழைவிலும் வெளியேறும் இடத்திலும் 40 முதல் 80 மி.மீ. கல், நடுவே 20 மி.மீ. ஜல்லி. ஜல்லியைக் கழுவாமல் கொட்டினால் கிரஷர் தூசி அடியில் படிந்து முதல் மழைக்காலத்துக்குள் பாதி இடைவெளியை அடைத்துவிடும். அடியில் 1 விழுக்காடு சரிவு. கீழே எச்.டி.பி.இ. லைனர் என்னும் கனத்த பிளாஸ்டிக் விரிப்பு கட்டாயம். தண்டையார்பேட்டை, ராயபுரம் போன்ற மணற்பாங்கான கடலோரப் பகுதியில் ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறிவந்து, காலியாகக் கிடக்கும் லைனரைத் தூக்கிவிடும். ஜல்லி நிரப்பும் வேலையைப் பங்குனியில் தொடங்கி ஆடிக்குள் முடித்துவிடுவது நல்லது. வெளியேறும் குழாயில் திருப்பக்கூடிய எல்போ ஒன்று வைத்து, நீர்மட்டம் ஜல்லிக்கு 5 செ.மீ. கீழே நிற்கும்படி செய்ய வேண்டும். நீர் வெளியே தெரியாவிட்டால் கொசுவுக்கு முட்டையிட இடமில்லை. மாநகராட்சிப் பூச்சியியல் பிரிவு ஆட்சேபிக்காமல் இருக்க இதுவே வழி.

செடி எது? கல்வாழை, சம்பு, நாணல், வெட்டிவேர் நான்கும் சென்னையில் கிடைக்கும். கல்வாழை சீக்கிரம் பிடிக்கும், பூக்கும், பார்ப்பவர் சந்தோஷப்படுவார். ஆனால் அதன் வேர் 30 செ.மீ. தாண்டுவது அரிது, படுகையின் கீழ்ப்பாதி வேரில்லாமல் கிடக்கும். சம்புவும் ஏறக்குறைய அப்படித்தான். நாணல் முழு ஆழத்துக்கும் இறங்கும். முன்பாதியில் நாணலும் பின்பாதியில் கல்வாழையும் வெட்டிவேரும் கலந்து நடுவது எங்கள் தேர்வு. சதுர மீட்டருக்கு 4 கிழங்கு. முதல் இரண்டு வாரம் நல்ல தண்ணீர், பிறகு கால்பங்கு கழிவுநீர், ஆறு முதல் எட்டு வாரத்தில் முழு அளவு. முதல் நாளே முழுக் கழிவுநீரை விட்டால் கிழங்கு அழுகும். எண்ணூர்ப் பக்கம் போகப்போக உப்பு ஏறுவதால் கல்வாழையின் இலை நுனி கருகும். அங்கே சம்புதான். கழிமுகத்தில் அலையாத்தி மரங்கள் நிற்கும் இடத்தில் கழிவுநீர்ப் படுகை என்ற பேச்சே வேண்டாம், அவை வேறு காரியத்துக்கு இருக்கின்றன.

மருத்துவமனைப் படுகையைக் கெடுப்பதில் முதலிடம் பிளீச்சிங் பவுடருக்கும் ஹைப்போகுளோரைட்டுக்கும். தரை துடைத்த நீரும் வார்டுக் கழிவும் குளோரினோடு வந்தால் வேரைச் சுற்றியுள்ள நுண்ணுயிர் மடிந்துவிடும். உண்மையில் மருந்தைச் சிதைப்பதில் பெரும்பங்கு அந்த நுண்ணுயிருக்குத்தான். செடி அதற்கு வேர் வழியாக ஆக்சிஜனும் சர்க்கரையும் ஊட்டி வளர்க்கிறது. தவிர, குளோரின் பாராசிட்டமாலோடு வினைபுரிந்து, மேலே சொன்ன குயினோன் இமைனையே உண்டாக்கும். கிருமிநீக்கம் படுகைக்குப் பிறகுதான், முன்னால் கூடாது. துடைத்த நீரை ஒரு நாள் திறந்த தொட்டியில் தேக்கி, மீதிக் குளோரின் போனதைக் குளோரோஸ்கோப் என்னும் சோதனைக் கருவியில் பார்த்துவிட்டு விடலாம். புற்றுநோய் மருந்துகள் இந்தக் குழாய்க்கே வரக் கூடாது. 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி அவை தனியாகப் போக வேண்டியவை.

படுகையைத் தாண்டிய நீரை 30 செ.மீ. ஆழமும் 33 சதுர மீட்டர் பரப்பும் உள்ள திறந்த தொட்டியில் ஒரு நாள் வெயிலில் நிறுத்துங்கள். டைக்ளோஃபெனாக்குக்கு அதுதான் மருந்து. கொசுப்புழுவுக்கு கம்பூசியா மீன் விடலாம். இந்தத் தொட்டியில் மட்டும் எந்தச் செடியும் வேண்டாம்.

அறுவடை இரண்டு அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இலை பழுக்குமுன், ஜல்லிக்கு ஒரு சாண் மேலே விட்டு. அறுத்ததை மாட்டுக்குப் போடாதீர்கள், உரக்குழியிலும் போடாதீர்கள், சாண எரிவாயுக் கலனிலும் வேண்டாம். காற்றில்லாக் கலன் குளுக்கோஸ் கட்டை அவிழ்க்கும், கார்பமசெபினைத் தொடாது. காயவைத்து சிமெண்ட் சூளைக்கோ உயர்வெப்ப எரிப்பானுக்கோ அனுப்புவது ஒன்றே பாதுகாப்பு. செலவுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் திருத்திய நகர்ப்புறக் கழிவுநீர்ச் சட்டத்தில், நுண்மாசு நீக்கும் கூடுதல் சுத்திகரிப்புச் செலவில் குறைந்தது 80 விழுக்காட்டை மருந்து, அழகுசாதன உற்பத்தியாளர்கள் ஏற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். இங்கே அது முழுக்க நர்சிங் ஹோம்காரர் தலையில் விழுந்தால் அறுவடை ஒரே வருடத்தில் நின்றுபோகும் என்பதைச் சட்டம் போடுகிறவர்கள் முன்கூட்டியே நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, அளப்பது. குடிநீர் வாரியமோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ முன்னோடிப் படுகை அமைத்தால், புது ஜல்லி முதல் சில வாரம் மருந்தைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் என்பதால், முதல் மூன்று மாத எண்களை யாரும் வெளியிடக் கூடாது. மாதிரி 24 மணி நேரக் கலவையாக, பழுப்புக் கண்ணாடி பாட்டிலில், ஐஸ் பெட்டியில் போக வேண்டும். லிட்டருக்கு எவ்வளவு என்பதை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். 167 சதுர மீட்டர்ப் படுகையில் நாளொன்றுக்கு 6 மி.மீ. ஆவியானால் 1,000 லிட்டர், அதாவது வரும் நீரில் பத்தில் ஒரு பங்கு மறைந்துவிடும், மீதியில் மருந்து செறிந்து தெரியும். மழை நாளில் இதற்கு நேர்மாறு. செறிவை நீரோட்டத்தோடு பெருக்கி, உள்ளே எத்தனை மில்லிகிராம், வெளியே எத்தனை மில்லிகிராம் என்று எழுதுங்கள். குளுக்கோஸ் கட்டிய வடிவங்களையும் ஆய்வகம் தேட வேண்டும், இல்லையேல் மறைந்திருப்பதெல்லாம் அழிந்ததாகக் கணக்கில் ஏறும். கார்பமசெபினைப் பட்டியலில் கட்டாயம் சேருங்கள். அது 90 விழுக்காடு நீங்கியதாக அறிக்கை வந்தால், கைதட்டுவதற்கு முன் மழைநீர் கலந்ததா, ஃப்ளோ மீட்டர் ஓடியதா என்று பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தாவர உடலியல், கழிவுநீர்ப் பொறியியல் துறை வாசகர்கள்,
தண்டையார்பேட்டை, சென்னை.